பப் இல்லாத ஊரின் பப்: டிரைவ்-இன் உட்லண்ட்ஸ்

பெங்களூர் நண்பர்கள் சென்னையைச் சீண்டுவதற்கென்றே ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருப்பார்கள். "உங்க ஊர்ல நாலு பேர் உட்கார்ந்து நிம்மதியா பேச ஒரு பப் இருக்கா?" என்பார்கள். நட்சத்திர ஓட்டல்களின் பெயர்களை அடுக்கலாம். ஆனால் அவர்கள் கேட்பது அது இல்லை என்று நமக்கும் தெரியும். தெருமுனையில் இருக்கும், வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கும், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம் என்கிற மாதிரியான இடம். அப்படி ஒன்று சென்னையில் இருந்தது. அங்கே கிடைத்தது பீர் இல்லை, ஃபில்டர் காபி. கதீட்ரல் ரோட்டில் 1962 முதல் 2008 வரை இருந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ்தான் அது.

என் வயதுக்காரர்கள் யாருக்கும் அதைப் பற்றிச் சொந்த நினைவு இருக்காது. மூடும்போது நாங்கள் எல்லாம் மழலையர் பள்ளி வயது. ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது "டிரைவ்-இன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரம் நீங்கள் பேசத் தேவையில்லை. ஒரு ஓட்டல் மூடியதற்கு இத்தனை ஏக்கமா என்று யோசித்ததில் எழுதியது இது.

முதலில், சென்னையில் ஏன் பப் இல்லை?

இங்கிலாந்தில் பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். அதாவது பொது வீடு. பேரிலேயே குடி இல்லை, கவனியுங்கள். வீடும் வேலையிடமும் போக மனிதர்களுக்கு மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும் என்று அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் ஒரு புத்தகமே எழுதினார். பப், காபிக்கடை, முடிதிருத்தகம் எல்லாம் அவர் கணக்கில் அந்த மூன்றாவது இடங்கள்தான்.

வெள்ளைக்காரர்கள் இருநூறு முந்நூறு வருஷம் இருந்த ஊர் மெட்ராஸ். அவர்கள் பப்பை விட்டுப் போகவில்லை, கிளப்பை விட்டுப் போனார்கள். மெட்ராஸ் கிளப் 1832-ல் வந்தது, அடையாறு கிளப் 1890-ல். (இரண்டும் 1963-ல் இணைந்து இப்போது அடையாற்றங்கரையில் இருக்கின்றன.) இந்தியர்களுக்காக காஸ்மோபாலிட்டன் கிளப் 1873-ல் தொடங்கியது. ஆனால் கிளப் என்றாலே உறுப்பினர் அட்டை, சிபாரிசு, காத்திருப்போர் பட்டியல். பொது வீட்டுக்கு நேர் எதிரானது.

ஏழைகளுக்குக் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் இருந்தன. அதற்கும் முடிவு வந்தது. ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. பிறகு மருத்துவச் சான்றிதழைக் காட்டி 'பெர்மிட்' வாங்கியவர்கள் மட்டும் குடிக்கலாம் என்ற நிலை. 'பெர்மிட் ரூம்' என்ற சொல் அப்படி வந்ததுதான். கலைஞர் அரசு 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-ல் மறுபடி மூடியது. எம்.ஜி.ஆர். அரசு 1981-ல் மறுபடி திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில்.

இத்தனை தடவை திறந்து மூடிய ஊரில் குடிக்கிற இடம் ஒன்று குடும்பத்தோடு சேர்ந்து வளர, மூன்று தலைமுறை ஒரே மேஜைக்கு வர, வாய்ப்பே இல்லை. ஓட்டல்களுக்கான பார் உரிமம் நட்சத்திர ஓட்டல்களை ஒட்டியே இருந்ததால், பப் என்று பெயர் வைத்தவை எல்லாம் ஓட்டல் கட்டடத்துக்குள் போய்விட்டன. டாஸ்மாக் பார் தெருவில் இருக்கிறது, ஆனால் அங்கே போகிறவர் தான் போவதை யாரும் பார்க்கக் கூடாது என்றே நினைக்கிறார். பெண்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பொது வீடு என்று அதை எப்படிச் சொல்வது?

காபி எடுத்துக்கொண்ட இடம்

மது இல்லாத இடத்தில் காபி வந்து உட்கார்ந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் காபி ஒரு புதுப் பழக்கம், பெரியவர்கள் கண்டித்த பழக்கம். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பில் இதை அருமையாக எழுதியிருக்கிறார். காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளம் ஆனது, டீ உழைப்பாளிகளுடையது ஆனது. டீக்கடையில் பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட பழக்கத்திலிருந்துதான் தமிழ்நாட்டு அரசியலில் பாதி வளர்ந்தது. திராவிட இயக்கம் டீக்கடைகளுக்கும் முடிதிருத்தகங்களுக்கும் படிப்பகங்களுக்கும் பட்ட கடன் பெரியது.

காபி ஓட்டல் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்த நாட்களின் பல ஓட்டல்களில் 'பிராமணாள்' என்ற சொல் பலகையிலேயே இருக்கும். டிரைவ்-இன் திறப்பதற்கு ஐந்தே வருஷம் முன்னால், 1957-ல், திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி பெரியாரின் தலைமையில் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் பலகை மாறியது. சென்னையில் காபி குடிக்கும் இடத்தின் கதை எழுதும்போது இதை விட்டுவிட்டு நாஸ்டால்ஜியா மட்டும் எழுதுவது நியாயமில்லை.

கிருஷ்ண ராவும் உட்லண்ட்ஸும்

இப்போது கதாநாயகருக்கு வருவோம். கடந்தலே கிருஷ்ண ராவ் தென் கன்னடத்துக்காரர். உடுப்பிப் பக்கத்திலிருந்து பிழைக்க மெட்ராஸ் வந்து, சமையலறை வேலையில் ஆரம்பித்து, ஜார்ஜ் டவுனில் சிறிய ஓட்டல், மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டல் என்று வளர்ந்தவர். 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் அரச குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். அந்த வீட்டின் பெயர்தான் உட்லண்ட்ஸ். இன்று உலகம் முழுக்க சைவ ஓட்டல்களின் பெயர்ப் பலகைகளில் இருக்கிற பெயர், ஒரு வாடகை வீட்டின் பெயர்! 1952-ல் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1962-ல், டிரைவ்-இன்.

இடம் எப்படிப்பட்டது தெரியுமா? கதீட்ரல் ரோட்டில் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்த நிலம். அந்தச் சங்கம் 1835-லிருந்து இருக்கிறது, அதனால் மரங்களுக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் ஜெமினி, அந்தப் பக்கம் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், இந்தப் பக்கம் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, இன்னும் கொஞ்சம் போனால் மியூசிக் அகாடமி. சினிமா, கல்லூரி, கச்சேரி, அலுவலகம் எல்லாம் ஒரு காபி தூரத்தில்.

டிரைவ்-இன் என்பது அமெரிக்கச் சரக்கு. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் 1921-ல் திறந்த பிக் ஸ்டாண்ட் என்ற கடையை முதல் டிரைவ்-இன் உணவகம் என்பார்கள். காரை நிறுத்து, இறங்காமலே சாப்பிடு, கிளம்பு. அவசரக்காரர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. மெட்ராஸில் அது தலைகீழானது. மரத்தடியில் காரை நிறுத்துவார்கள், சர்வர் வந்து ஜன்னலில் தட்டை மாட்டுவார், தோசை வரும், சாம்பார் வடை வரும், பட்டூரா வரும், காபி வரும்... அதற்கப்புறம் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

1962-ல் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அம்பாஸடர், ஃபியட், வண்டலூர்ப் பக்கம் அப்போதுதான் தயாராகத் தொடங்கியிருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அவ்வளவுதான். கார்க்காரர்களை மட்டும் நம்பியிருந்தால் கடை என்றைக்கோ மூடியிருக்கும். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே கூடம் இருந்தது, சுய சேவைப் பகுதி இருந்தது. சைக்கிளில் வந்தவர்களும் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தவர்களும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். டிரைவ்-இன் என்ற பெயர் கார்க்காரர்களுடையது, அதன் உயிர் நடந்து வந்தவர்களுடையது என்று தைரியமாகச் சொல்லலாம்.

யார் யார் வந்தார்கள்?

பழைய வாடிக்கையாளர்களைக் கேட்டால் முதலில் சொல்வது மருந்துக் கம்பெனி பிரதிநிதிகளைத்தான். கையில் கறுப்புப் பை, கழுத்தில் டை. டாக்டர்கள் நேரம் கொடுக்கும்வரை வெயிலில் எங்கே நிற்பது? டிரைவ்-இன்தான் அவர்களுக்கு ஆபீஸ். அங்கேயே சந்திப்பு, அங்கேயே அறிக்கை எழுதுவது, வேலை மாற நினைப்பவர்களுக்கு வேலை பற்றிய தகவலும் அங்கேயே. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் எந்த டாக்டரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பயிற்சி வகுப்பில் கற்றதைவிட இந்த மேஜைகளில் கற்றதுதான் அதிகம் என்பார்கள்.

அப்புறம் சினிமாவில் நுழையக் காத்திருந்தவர்கள். கதை சொல்ல வந்தவர்கள், கதை கேட்க வந்தவர்கள். பத்திரிகைக்காரர்கள். சீட்டுப் பிடிக்கிறவர்கள், நிலத் தரகர்கள். பெண் பார்க்கும் படலத்தை வீட்டில் வைக்காமல் இங்கே வைத்துக்கொண்ட குடும்பங்கள். கல்லூரிக்குப் போகாமல் வந்த கல்லூரி மாணவர்கள். காலையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வரும் ஓய்வு பெற்ற மாமாக்கள். மார்கழியில் கச்சேரிக்கு நடுவே காபிக்கு வந்து, பாடகர் எந்த இடத்தில் சறுக்கினார் என்று தீர்ப்பு சொன்ன ரசிகர்கள்.

இதில் ஒரு விஷயம் முக்கியம் என்று நினைக்கிறேன். பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ வந்து உட்கார முடிந்தது. யாரும் திரும்பிப் பார்த்து, "இங்கே என்ன வேலை?" என்று கேட்கவில்லை. எதிரிலேயே பெண்கள் கல்லூரி இருந்ததும் காரணமாக இருக்கலாம், மரத்தடி என்பதும் காரணமாக இருக்கலாம். நான்கு சுவருக்குள் இல்லாததால் ஒளிவும் இல்லை, அதனால் வம்பும் குறைவு. அந்த நாளில் சென்னையில் இப்படி எத்தனை இடங்களைக் காட்ட முடியும்?

இதற்கெல்லாம் அடிப்படையாக இருந்தது ஒரு எழுதாத ஒப்பந்தம். ஒரு காபி வாங்கினால் போதும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். காலி டம்ளரை எடுத்துவிட்டு "வேற என்ன சார்?" என்று பில்லை நீட்டும் அவசரம் அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. ஏக்கர் கணக்கில் இடம், குத்தகை நிலம். இன்னொருவர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக உங்களை எழுப்பத் தேவை இல்லை. இன்று சதுர அடிக்கு வாடகை கணக்குப் பார்க்கிற கடைக்காரரால் இந்தத் தாராளம் காட்ட முடியாது. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை.

லண்டனிலும் இதே கதைதான். பதினேழாம் நூற்றாண்டுக் காபிக்கடைகளில் ஒரு பென்னி கொடுத்தால் நாள் முழுக்க உட்கார்ந்து பேச்சைக் கேட்கலாம். 'பென்னிப் பல்கலைக்கழகம்' என்று பட்டப்பெயரே வந்தது. எட்வர்ட் லாய்டின் காபிக்கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்துதான் லாய்ட்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தை பிறந்தது. இந்தப் பேச்சைக் கண்டு பயந்த இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675 டிசம்பரில் காபிக்கடைகளை மூடச் சொல்லி ஆணையிட்டார். ஊர் கொதித்ததில் அது அமலுக்கு வருவதற்கு முன்பே பின்வாங்கினார்!

2008

டிரைவ்-இன்னை மூடியது எந்த மன்னரின் பயமும் இல்லை. நிலத் தகராறு. அது அரசுக்குச் சொந்தமான நிலம் என்று அரசு சொன்னது. தோட்டக்கலைச் சங்கத்துக்கும் அரசுக்கும் பல வருஷங்கள் நடந்த வழக்கின் முடிவில் 2008-ல் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. டிரைவ்-இன் மூடப்பட்டது. நாற்பத்தாறு வருஷக் கணக்கு முடிந்தது. கடைசி நாட்களில் கடைசிக் காபிக்கென்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அந்த இடத்தில் 2010 நவம்பர் 24 அன்று செம்மொழிப் பூங்காவை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். அந்த வருஷம் ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் நினைவாக அந்தப் பெயர். சுமார் 20 ஏக்கர், சுமார் 8 கோடி ரூபாய் செலவு, நூற்றுக்கணக்கான தாவர வகைகள். 2024 அக்டோபரில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், சங்கத்திடமிருந்து மீட்ட இன்னொரு நிலத்தில், கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறக்கப்பட்டது.

"நல்ல ஓட்டலை மூடிவிட்டார்களே" என்று வருந்துகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். பொதுச் சொத்தான ஒரு நிலத்தில், நகரின் நட்டநடுவில், தனியார் ஓட்டல் காலத்துக்கும் நடக்கலாமா? காபி வாங்கக் காசு இல்லாதவன் டிரைவ்-இன் மரத்தடியில் உட்கார முடிந்ததா? முடியாது. இன்று குடிசைப் பகுதிக் குழந்தைகள் பள்ளிச் சுற்றுலாவாக வந்து அதே மரங்களுக்குக் கீழே ஓடுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. எனக்கு இந்த வாதம் சரியென்றே படுகிறது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பூங்காவுக்குப் போகிறவர் நுழைவுச்சீட்டு வாங்குகிறார், சுற்றிப் பார்க்கிறார், படம் எடுக்கிறார், வீட்டுக்குப் போகிறார். நாளை மறுபடி வருவதில்லை. அவரைத் தெரிந்த சர்வர் அங்கே இல்லை. "நேத்து ஏன் சார் வரலை?" என்று கேட்க ஆளில்லை. செடிகளுக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது, வருகிறவர்களுக்குத்தான் அங்கே பெயர் இல்லை. நிலம் பொதுவானது, கூட்டம் கலைந்தது. மருந்துப் பிரதிநிதிகள் வேறு வேறு ஓட்டல்களுக்கும் டீக்கடைகளுக்கும் பிரிந்து போனார்கள். மாமாக்கள் சிலர் இன்னொரு ஓட்டலை முயன்று பார்த்தார்கள், அங்கே பில் சீக்கிரம் வந்தது. ஒரு ஓரத்தில் பழைய மாதிரி ஒரு காபிக் கூடத்தை வைத்துக்கொண்டு மீதியைப் பூங்கா ஆக்கியிருக்க முடியாதா என்ற கேள்வியை அன்று யாரும் பெரிதாக எழுப்பியதாகத் தெரியவில்லை.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்?

இந்தியாவிலேயே பாருங்கள். காபி வாரியம் நடத்திய காபி ஹவுஸ்கள் 1957 வாக்கில் மூடப்பட்டபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து எடுத்து நடத்தினார்கள். கொல்கத்தா கல்லூரித் தெரு காபி ஹவுஸ் இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. டெல்லி கன்னாட் பிளேஸ் காபி ஹவுஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, நெருக்கடி நிலையின்போது 1976-ல் இடித்தார்கள்.

இங்கிலாந்தில் 2011-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பப்போ கடையோ ஊருக்கு முக்கியம் என்று அந்தப் பகுதி மக்கள் பதிவு செய்துவிட்டால், அதை விற்கும்போது அவர்களே வாங்குவதற்குப் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். தெற்கு லண்டனில் ஐவி ஹவுஸ் என்ற பழைய பப்பை அப்படித்தான் 2013-ல் அந்தப் பகுதிக்காரர்கள் பங்கு போட்டு வாங்கினார்கள். அவர்கள் காப்பாற்ற நினைத்தது கட்டடத்தை மட்டும் இல்லை, அங்கே கூடும் பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

நம்மிடம் பாரம்பரியக் கட்டடங்களுக்காக 2012-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். நல்லது. ஆனால் டிரைவ்-இன்னில் பாரம்பரியம் என்று சொல்லத்தக்க கட்டடம் எதுவும் இருக்கவில்லை. மரம், நாற்காலி, மேஜை, பேச்சு. இவற்றில் மரத்தை மட்டும் காப்பாற்ற நமக்குத் தெரிந்திருந்தது.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் இப்படிக் கட்டடப் பெருமை இல்லாத இடங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு ஒரே கூட்டம் கூடும் மெஸ், பூங்காவின் குறிப்பிட்ட ஒரு பெஞ்ச், கிரிக்கெட் ஸ்கோர் பேசியே இருபது வருஷம் ஓட்டிய டீக்கடை. அடுத்த வாரம் நேரம் கிடைத்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நீங்கள் நண்பர்களோடு எங்கே உட்காருவீர்கள், எத்தனை மணிக்கு, யார் யார் வருவார்கள், என்ன விலைக்குக் காபி? பதிலை எழுதி வையுங்கள். டிரைவ்-இன்னைப் பற்றி இன்று ஏராளமானவர்கள் உருகுகிறார்கள். இருந்தபோது எழுதி வைத்தவர்கள்தான் குறைவு.